பத்து நாற்பதுக்கு அணைத்தது

ஆபீஸில் அவளுக்கு 'ரீஸ்டார்ட் அக்கா' என்று பெயர். சர்வர் திணறுகிறதா, அணைத்துப் போடு, சரியாகிவிடும். பதினோரு வருடமாக அதுதான் அவளுடைய கைவைத்தியம். பலித்தும் வந்தது. எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாத சர்வர்கள் அவை. ஒன்றை நிறுத்தினால் இன்னொன்று வேலையை வாங்கிக்கொள்ளும், குடி முழுகிவிடாது.

அவள் பார்த்துக்கொண்டது ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்காக ஓடும் சேவை. கூடம் முடிவை அனுப்பியதும் சர்வர் 'வந்து சேர்ந்தது' என்று பதில் சொல்லிவிடும். நோயாளிக்குச் செய்தி அனுப்பும் வேலையை, அதே சர்வருக்குள் பின்னணியில் ஓடும் 'த்ரெட்' என்ற துணைவேலையிடம் தள்ளிவிடும். கூடத்தைக் காக்க வைக்கக் கூடாதென்று அவள்தான் அப்படி எழுதினாள், பாராட்டும் வாங்கினாள்.

கீழ்த்தளத்தில் புகார் போன்களை எடுக்கும் பெண், "உங்க சர்வர் வாங்கிக்கிட்டேன்னு சொல்லுது, குடுத்தேன்னு சொல்ல மாட்டேங்குது. என் மாமியார் மாதிரியே இருக்குக்கா" என்று அடிக்கடி கிண்டல் செய்வாள். அன்று படியேறி வந்தவள் சிரிக்கவில்லை. ஒரு பஸ் டிரைவர் பேசினாராம். மகளின் முடிவு மோசமாக இருந்தால் அன்றே தகவல் வரும் என்று கூடத்தில் சொல்லியிருந்தார்கள். மூன்று நாளாக ஒன்றும் வராததால் நல்லதுதான் என்று பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார். காலையில் பிள்ளை வகுப்பிலேயே மயங்கி விழுந்துவிட்டாள்.

ரீஸ்டார்ட் அக்கா சர்வரின் பதிவுகளில் தேடிப் பார்த்தாள். திங்கட்கிழமை பத்து நாற்பதுக்கு முடிவு வந்திருந்தது. 'வந்து சேர்ந்தது' என்ற பதிலும் போயிருந்தது. அதே பத்து நாற்பதுக்கு அவள் சர்வரை அணைத்திருந்தாள். கையில் செய்தியை வைத்திருந்த த்ரெட், சர்வரோடு சேர்ந்து சுவடில்லாமல் போய்விட்டது. கூடத்தின் பட்டியலையும் அனுப்பிய செய்திகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். செய்தி போகாதவர்கள் அந்த மாதம் மட்டும் முப்பத்தொரு பேர்.

வீட்டில் மோட்டார் ஓடவில்லை என்று கணவன் இரண்டு முறை அழைத்துவிட்டான். மூன்றாம் அழைப்பை வெட்டிவிட்டு மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார்.

"போன் கம்பெனி மேல போட்டுடலாம்மா. செய்தி எங்க தொலைஞ்சுதுன்னு தடயமே இல்லையே, நீ எதுக்குத் தலையக் குடுக்கற?"

அவர் சொன்னது உண்மை. அவளுக்கு அவ்வளவு அலுப்பாக இருந்தது, தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"இந்த மாசம் முப்பத்தொண்ணு சார். இதுக்கு முன்னாடி எத்தனைன்னு எனக்கே தெரியல."

இனி வேலையை முதலில் எழுதி வைத்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும், செய்தி போய் முடிந்த பிறகுதான் அதைப் பட்டியலிலிருந்து அடிக்க வேண்டும், இன்றே மாற்றுகிறேன் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், சாத்திய கதவைத் திறந்துவிட்டார்.

மற்ற முப்பது பேரையும் கூப்பிட்டுச் சொல்ல, அவர்களுடைய எண்களோடு போன் பெண் கீழே இறங்கினாள். டிரைவரின் எண்ணை மட்டும் ரீஸ்டார்ட் அக்காவே அழுத்தினாள்.

"பாப்பாவோட முடிவு திங்கக்கிழமையே வந்துடுச்சுங்க. உங்களுக்கு வராமப் போனது என்னாலதான்."

மறுமுனையில் ஆஸ்பத்திரி வராந்தாவின் இரைச்சலுக்கு நடுவே டிரைவர் கேட்டார்.

"இந்த மூணு நாள்ல ஏதாவது கெட்டுப்போயிருக்குமாம்மா?"

"தெரியலைங்க."

"சரி. அதுல என்ன போட்டிருக்குன்னு படிங்க. டாக்டர் பக்கத்துலதான் நிக்கறாரு."

திரையை அருகில் இழுத்துக்கொண்டாள். டாக்டர் எழுதிக்கொள்ளும் வேகத்துக்கு, ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.