எழுந்திருக்காத ஆறு மாதம்

சேவூர் அபிதகுசாம்பாளுக்குப் பெருங்குடலில் புண். அவளும் கணவர் வேணுகோபாலும் ஒரே குழித்தறியில் பட்டுச் சேலை நெய்கிறவர்கள். நடுப்பகுதிக்கு அவர் ஊடுநூல் கோத்த நாடாவை விடுவார், ஒரு பக்கக் கரைக்கு இவள். இவள் எழுந்தால் அவர் கையும் நின்றுவிடும். நோய் முற்றிய நாட்களில் மத்தியானத்துக்குள் பத்துத் தடவை வெளிக்குப் போக எழுந்தாள்; ரத்தமும் போனது. மனுஷன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மாத்திரையில் ரத்தம் நின்றது. இனிப் பருப்பு, காய், கீரை என்று மெதுவாகச் சேர்க்கச் சொன்னார் வேலூர் டாக்டரம்மா. இவள் சேர்க்கவில்லை. உள்ளே போனால்தானே வெளியே வரும்! டீ, பன், ஒரு பிடி ரசம் சோறு என்று ஆறு மாதம் ஓட்டினாள். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு. வேணுகோபாலோ, பொண்டாட்டி இப்போதெல்லாம் எழுந்திருப்பதே இல்லை, குணமாகிவிட்டது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

ஒருநாள் காலையில் மறுபடி ரத்தம். இரண்டு நாள் மறைத்தாள். மூன்றாம் நாள் முடியவில்லை; இருவரும் வேலூருக்கு ஓடினார்கள்.

டாக்டரம்மா சாப்பாட்டைத் துருவித் துருவிக் கேட்டார். நமக்குச் செரிக்காத நார்ச்சத்துதான் குடலில் இருக்கும் பாக்டீரியாவுக்குச் சோறு. அதைத் தின்றுவிட்டு அவை விடும் ஓர் அமிலம்தான் குடல் சுவருக்கு ஆகாரம், வீக்கத்தை அடக்கவும் உதவும் என்றார். இதனால் மட்டுமே நோய் திரும்பியது என்று அடித்துச் சொல்ல முடியாது, மாத்திரையை விடவே கூடாது என்றும் சொன்னார்.

“நீங்க பட்டினி கெடந்தா அதுங்களும் பட்டினிதாம்மா.”

அடங்காவிட்டால் ஊசி. அதற்கும் அடங்காவிட்டால் குடலையே எடுக்க வேண்டிவரலாம். பஸ்ஸில் ஆரணி வரும்வரை அந்தக் கடைசிப் பேச்சே அவள் காதில் கிடந்தது.

“என்னாத்துக்கு சாப்புடாம இருந்த?” என்றார் வேணுகோபால்.

“நான் ஏந்திரிச்சா தறி நிக்குதேன்னுதான்.”



மருந்தைக் கூட்டியதில் ஐந்து வாரத்தில் ரத்தம் நின்றது. டாக்டரம்மா சொன்னபடி, குழைய வேகவைத்த பாசிப்பருப்பும் பூசணியும் இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டுத் தறியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் வெளிக்குப் போக முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு நாடாவைத் தள்ளினாள். வேணுகோபால் கையை நிறுத்தி, குழியிலிருந்து ஏறி வழிவிட்டார்.

“போய்ட்டு வா.”

போனாள். முடிந்த பிறகும் பார்க்கப் பயந்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு பார்த்தாள்.

திரும்பி வந்தபோது அவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். முகத்தில் உயிரே இல்லை.

“ரத்தமா?”

“இல்லீங்க.”

அவர் தறிக்குத் திரும்பவில்லை. நேரே அடுப்படிக்குப் போய், இன்னும் ஒரு கரண்டி பருப்பைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தார்.

“தறி நின்னா நிக்கட்டும். துன்னு.”