தலைப்பிறைக்கு இரண்டாவது சாட்சி

போன கிழமை கடலை சுற்றித் தந்த பத்திரிகைத் துண்டின் மூலையில், இவ்வாரம் எரிநட்சத்திரங்கள் மிகுதியாக விழும் என்று போட்டிருந்தது. அது எந்த வருடத்துப் பத்திரிகை என்று பார்க்கும் பொறுமை எனக்கு எங்கே? கொழும்பில் நான் தங்கியிருக்கும் வீட்டின் மேல்மாடிக்கு ஓடினேன். கீழே தெருவிளக்கு, எதிரே சினிமாக் கொட்டகையின் விளக்கு. வானம் கழுவாத அலுமினியச் சட்டிபோல மங்கிக் கிடந்தது. கழுத்து வலிக்கும்வரை நின்றதில் விழுந்தது கடலைக்கோதுதான், அதுவும் கீழ்வீட்டுக்காரியின் தலையில்.

வறுத்த கடலையின் வாசனைக்கும் காசிமுக்கும் என் மண்டைக்குள் ஏதோ முடிச்சு இருக்கிறது. காத்தான்குடியில் எங்கள் வளவு மட்டக்களப்பு வாவியைப் பார்த்துச் சரியும் மணல் நிலம். இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசிக் காலத்தில், இருட்டியதும் காசிம் சாறன் மடியில் கடலையோடு வருவான். என் வகுப்புத்தான், துணிக்கடைக்காரரின் மகன். விளக்கெரிக்கக் கட்டுப்பாடு, எரிக்கலாம் என்றாலும் மண்ணெண்ணெய் கிடையாது. யுத்தம் எங்களுக்குச் செய்த ஒரே உபகாரம் இருட்டு. பன்பாயை விரித்துத் தலையோடு தலை வைத்துப் படுப்போம். அவனுக்கு வடக்கு வானம், எனக்குத் தெற்கு. ஒரு வெள்ளி கோடிழுத்து விழுந்தால் "அந்தா!" என்று கத்துவோம். மற்றவன் திரும்புவதற்குள் அது போயிருக்கும். அதற்கொரு சண்டை.

வானத்தில் ஒட்டுக்கேட்கப் போகும் ஷைத்தான்களை எறிந்து விரட்டுவதுதான் அந்த நெருப்பு என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நான் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தை வைத்து, அது வெறும் கல் என்று வாதாடுவேன். அடுக்களையிலிருந்து என் ராத்தா, எனக்கு மூத்தவள், கேட்பாள்:

"என்னகா, இண்டைக்கு எத்தின ஷைத்தானுக்கு அடி விழுந்திச்சு?"

"ஒம்பது, ராத்தா!"

"அப்ப இன்னும் ரெண்டு மிச்சம். எங்கட வளவுக்குள்ளதான் படுத்துக் கிடக்குதுகள்."

காசிமின் கண் அபாரமான கண். ஆவணி மாதத்தில் ஒரு நாள் நட்சத்திரங்கள் மத்தாப்புப்போல உதிர்ந்தன. அவன் எழும்பி உட்கார்ந்து, "மச்சான், இத நாம சொன்னா ஆராச்சும் நம்புவாங்களா?" என்று கேட்டான். "நீ கண்ட, நான் கண்டன். வேற என்னகா வேணும்?" என்றேன். அந்த வயதில் எவ்வளவு கெட்டிக்காரப் பதில் என்று நினைத்தேன், பாருங்கள்.

அடுத்த மாதமே நோன்புப் பெருநாள் வந்தது. இருபத்தொன்பதாம் நோன்பின் மாலை ஊரே ஆற்றங்கரையில், அதாவது எங்கள் வாவிக்கரையில், கூடும். மேற்கே வாவிக்கு மேல் தலைப்பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் முப்பதாவது நோன்பு. நோன்பை முடித்து வைக்கும் அந்தப் பிறைக்கு ஒரு கண் போதாது. கண்டவர் இருவர் பள்ளிவாசலுக்குப் போய்ச் சாட்சி சொல்ல வேண்டும்.

துணிக்குக் கடும் தட்டுப்பாடு. காசிமின் வாப்பா கொழும்பிலிருந்து எப்படியோ சாறன் பொதிகள் எடுப்பித்திருந்தார். ஆனால் ரயிலில் அவை வந்துசேர இன்னும் ஒரு நாள் இருந்தது. பெருநாள் முடிந்து வரும் புதுச்சாறனை யார் வாங்குவார்? இதைக் காசிமே சிரித்துக்கொண்டு சொன்னான்: "வாப்பா கையேந்திக் கேக்கிற துஆவெல்லாம் மேகத்துக்குத்தான்."

மேகம் வந்தது. கரையில் நின்ற சனம் சலித்துக்கொண்டு நோன்புக் கஞ்சிக்குத் திரும்பியது. நாங்கள் இருவரும் வளவை விட்டு அசையவில்லை. மேகத்தில் ஒரு கிழிசல். சூரியன் இறங்கிய இடத்துக்கு இடப்புறமாக, நகம் வெட்டிப் போட்டது போல.

"அந்தா மச்சான்! அந்தா!"

முதலில் கத்தியவன் காசிம். அவன் விரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் கண்டேன்.

பள்ளிவாசல் வரைக்கும் ஓட்டம். தொழுகை நடத்தும் பெரிய லெவ்வை நடுவில் இருந்தார். பக்கத்தில் நிர்வாகத்து மரைக்காயர்மார். காசிமின் வாப்பாவும் அவர்களில் ஒருவர். என் வாப்பா தூணோரம் நின்றார். எங்கே கண்டாய், எவ்வளவு உயரம், கொம்பு எந்தப் பக்கம் என்று லெவ்வை கேட்டார். நான் பரீட்சைக்குப் போனவன் மாதிரி மளமளவென்று சொன்னேன்.

"ஒன்னோட கண்ட மத்தவன்?"

காசிம் தன் வாப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு பாயைப் பார்த்தான்.

"நான் ஒண்டும் காணல்ல, லெவ்வை. இவன் காட்டினான், போனன்."

பின்னாலிருந்து ஒருவர், "வெள்ளி விழுற இடம் தேடித் திரியிற பொடியன். இவனுக்கு ராவைக்கு ரெண்டு பிறை தெரியும்" என்றார். பள்ளி சிரித்தது. என் வாப்பா வந்து கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். வீட்டு வாசலில்தான் வாயைத் திறந்தார்.

"நெசமாக் கண்டயா, மனே?"

"கண்டன், வாப்பா."

"எனக்குத் தெரியும்."

அதை அவர் பள்ளிக்குள்ளே சொல்லியிருக்கலாம்.

மறுநாள் என் நிலைமை எப்படி என்று யோசித்துப் பாருங்கள். பிறை கண்டவனுக்கு அது பெருநாள். நோன்பு பிடிக்கக் கூடாது. பிடிக்காமல் விட்டால் ஊர்க் கண்ணில் நோன்பு தின்னி. ராத்தா அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு பேரீச்சம்பழத்தை என் கையில் வைத்தாள். பெருநாளை ஒளித்துத் தின்றவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ரயில் வந்தது. பொதி வந்தது. காசிமின் கடை வாசலில் பின்னேரத் தொழுகை அஸர்வரைக்கும் நெரிசல். மாலையில் பிறையைத் தேட வேண்டியிருக்கவில்லை. அது மேலே, தடிப்பாக, இரவுத் தொழுகை இஷாவரைக்கும் நின்றது. "ரெண்டாம் பிறை போலயல்லவா இரிக்கு" என்று யாரோ இழுத்தார். "முப்பது முடிச்ச பிறை அப்படித்தான்" என்றார் காசிமின் வாப்பா. எல்லோரும் தலையாட்டினார்கள்.

பெருநாள் காலையில் காசிம் வந்தான், கையில் ஒரு புதுச் சாறனோடு.

"வாப்பா தந்தார், ஒனக்கு."

"நீதான்டா முதல்ல கண்ட."

"வாப்பா என்னையே பாத்துக்கிட்டு இருந்தார், மச்சான்."

"நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தன்."

சாறனைப் படியில் வைத்துவிட்டுப் போனான். நான் தொடவில்லை. தொழுகைக்குப் போகும்போது என் வாப்பா அதைத்தான் உடுத்திக்கொண்டு போனார். நல்ல துணி என்றும் சொன்னார்.

பன்பாய் அதன் பிறகு விரிக்கப்படவில்லை. காசிம் இப்போது கடை முதலாளி. கண்டால் சலாம் சொல்வான், நானும் சொல்வேன். ஆற்றங்கரையில் சனம் கூடுவதும் தேய்ந்துவிட்டது. பிறை கண்டதாகக் கொழும்புப் பள்ளிவாசலிலிருந்து தந்தி வந்தால் பெருநாள், அவ்வளவுதான். யாரும் யாருடைய கண்ணையும் நம்ப வேண்டியதில்லை.

இந்த வருடம் லீவில் ஊரில் இருந்தேன். இருபத்தொன்பதாம் நோன்பு திறந்த கையோடு, பழைய பழக்கத்தில் வளவுக்குப் போனேன். வாவிக்கு மேலே, ஒரு நூலிழை. மறுபடி பார்த்தேன். பிறையேதான்.

"என்னகா, கண்டயா?" என்று அடுக்களையிலிருந்து ராத்தா கேட்டாள்.

"தந்தி வரும், ராத்தா" என்றேன்.