செம்மண் மேட்டின் ரீங்காரம்

அமிர்தவள்ளி மாதனூரிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் ஆம்பூருக்குப் போய் ஷூ தைக்கிறவள். பதினாறு வருடமாக அதே மிஷின். வாய்ப்பேச்சு குறைவு. புருஷன் தேவசகாயம் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்து, நெஞ்சு கெட்டு, சென்ற ஆண்டு இறந்தான். கடைசி நாள் காலையில் அவன் அவள் கையைப் பிடித்து இருக்கச் சொல்லியும், பஸ்ஸுக்கு நேரமாயிற்றென்று கிளம்பிவிட்டாள்.

கல்லறைத் தோட்டத்து மண் உப்புப் பூத்துக் கிடந்தது. அதைப் போட்டு அவனை மூட மனம் வராமல், மலையடிவாரத்திலிருந்து டிராக்டரில் செம்மண் கொண்டுவந்து மேடு போட்டாள்.

ஐப்பசியில் அந்த மேட்டில் மட்டும் பன்னிரண்டு துளைகள் விழுந்தன. கறுப்பு உடம்பில் நீல வரி போட்ட தேனீக்கள் மண்ணைப் பறித்து உள்ளே போய் வந்தன; மேட்டுக்குள்ளிருந்து ரீங்காரம் கேட்டது. பொழுது சாய்ந்தால் சில, சிலுவையோரத்துக் காய்ந்த புல்லை வாயால் கவ்வியபடி வரிசையாகத் தொங்கின. தொட்டாலும் அசையவில்லை.

"இன்னா அண்ணி, பேஜாரா இருக்குது!" என்றாள் நாத்தனார் மெர்சி. "உயிரோட இருந்தப்போ எங்கண்ணன் வாயே தொறக்காது. இப்ப மண்ணுக்குள்ள இருந்து பாடுதா? அது அடங்கலன்னு ஊரே பேசுது. கல்லறைத் திருநாளுக்குள்ள சிமெண்ட் போட்டுடலாம்."

"பாக்கலாம் மெர்சி."

அவன் அடங்கவில்லையோ என்றுதான் அவளும் பயந்திருந்தாள். அன்று சாயங்காலமே, திருநாளுக்கு முன் மெழுகும் வழக்கப்படி, செம்மண்ணைக் குழைத்து மேடு முழுக்கப் பூசினாள். துளைகள் அத்தனையும் மூடிப்போயின.

இரண்டு நாள் வெயிலில் பூச்சு ஓடாகக் காய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பார்த்தாள். வெளியே ஒரு தேனீ இல்லை. ஆனால் சத்தம் இருந்தது. கை வைத்தாள். உள்ளங்கை அதிர்ந்தது, சரியாக அவன் நெஞ்சிருக்கும் இடத்தில்.

உயிரோடு அடைத்துவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. கொண்டை ஊசியை உருவி, துளைகள் இருந்த இடங்களில் ஒவ்வொன்றாகக் குத்தினாள். மண் அப்பிய உடம்போடு ஒன்று வந்தது. பிறகு இன்னொன்று. பதினோரு துளையிலும் வந்தன. பன்னிரண்டாவதில் எதுவும் வரவில்லை. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

மெர்சி கொத்தனார் பச்சையப்பனோடு வந்து சேர்ந்தாள்.

"வேணாம், அனுப்பிடு."

"உள்ள இன்னா இருக்குதுன்னே தெரியாம?"

"எதுவா இருந்தாலும் இருக்கட்டும். நான் மூட மாட்டேன்."

பச்சையப்பன் சிரித்துக்கொண்டே குனிந்து, மேட்டில் காது வைத்தார். நிமிர்ந்தபோது சிரிப்பில்லை. கரணையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வழியில் மெர்சி கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் நடந்தார்.