டாக்டரிடம் என் மகளை மெச்சிப் பேசினேன்

என் மகளுக்கு முப்பத்தேழு வயது. துறைமுகத்தை ஒட்டி ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் பேப்பர் வேலை பார்க்கிறாள். கப்பலில் வந்து இறங்குகிற ஒவ்வொரு கன்டெய்னர் பெட்டிக்கும் நாலு எழுத்தும் ஏழு எண்ணும் சேர்ந்த ஒரு நம்பர் உண்டு. அதைப் பார்த்து கஸ்டம்ஸ் ஃபாரங்களில் ஏற்ற வேண்டும். போன வருஷம் ஒரு பெட்டிக்கு ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது போட்டுவிட்டாள். பெட்டி நாலு நாள் யார்டிலேயே மாட்டிக்கொண்டது. அடுத்த மாதமே இன்னொரு பெட்டி. "மூணாவது தபா இப்டி ஆச்சுன்னா நீங்களே ராஜினாமா எழுதிக் குட்த்துடுங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பதினோரு வருஷ வேலை.

எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. ஏனென்றால் அவள் மக்கு இல்லை. பி.காம். படித்தவள். ஹார்பரில் நிற்கிற கப்பல் எந்த ஊரில் புறப்பட்டது, வழியில் எங்கெங்கே நின்றது என்று யாரும் கேட்காமலேயே சொல்வாள். அந்தப் பேச்சில் இறங்கினால் சாப்பாட்டையே மறந்துவிடுவாள். ஆனால் அடுப்பில் பால் வைத்தால், அது பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் நாற்றம் அடிக்கிற வரை அந்தப் பக்கம் வரமாட்டாள். ஒரே மண்டைக்குள் இது இரண்டும் எப்படி இருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, செல்போனும் கையுமாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மா, இதுக்கு ஒரு பேரு கீதும்மா."

"எதுக்குடி?"

"எனக்கு."

"உனக்குத்தான் நானும் உங்கப்பாவும் பேரு வெச்சிகீறோமே."

அவள் சிரிக்கவில்லை. ஏ.டி.எச்.டி. என்றாள். கவனம் ஓரிடத்தில் நிற்காதாம், கை கால் சும்மா இருக்காதாம், குழந்தையில் வருவதாம், பெரியவர்களானாலும் சிலருக்குப் போகாதாம். அவள் படிக்கப் படிக்க நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊர் பேர் தெரியாத யாரோ என் வீட்டு ஜன்னல் வழியே பார்த்து எழுதினது போல இருந்தது.

முதலில் தெருமுனை டாக்டரிடம் போனாள். ரத்தம் கம்மி என்று அயர்ன் மாத்திரை கொடுத்தார். அப்புறம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர். மூன்று மணி நேரம் காத்திருந்து உள்ளே போனவள் பத்து நிமிஷத்தில் வெளியே வந்தாள். "அது சின்னப் பசங்களுக்கு வர்றதும்மா. நீங்க டிகிரி முடிச்சிருக்கீங்க, வேலைக்குப் போறீங்க, அப்புறம் என்ன? போனைக் குறைங்க" என்றாராம். தூங்குவதற்கு மாத்திரை எழுதியிருந்தார். அதைப் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தை விட்டுத் திருவொற்றியூர் வரைக்கும் போய்விட்டு வந்தாள்.

மூன்றாவதாக, பேசின் பிரிட்ஜைத் தாண்டி ஒரு லேடி டாக்டர், அவரும் மனநல டாக்டர்தான். அவர்தான் இவளைப் பேச விட்டுக் கேட்டார். கேட்டுவிட்டு, "அடுத்த தடவை அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. சின்ன வயசுல எப்படி இருந்தீங்கன்னு அவங்கதான் சொல்லணும்" என்றார்.

நான் கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா கையில் ஒரு தாள். ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக் கேட்டு டிக் அடித்தார்.

"ஸ்கூல்ல ஒரு இடத்துல உட்காருவாங்களா?"

"எங்க வெச்சாலும் அங்கயே உக்காரும் டாக்டரம்மா. தங்கமான கொழந்த."

"பொருளைத் தொலைப்பாங்களா?"

"ஒரு பென்சில் தொலச்சதில்ல."

"சொன்ன வேலையை முடிப்பாங்களா? பாதியில விட்டுடுவாங்களா?"

"இன்னாத்துக்கு உடுது? வேலன்னா அதுக்கு உசுரு. தெருவே சொல்லும்."

"அடங்கலைன்னு நீங்க அடிச்சது, தண்டிச்சது ஏதாவது?"

"நானா? ஒரு சொல்லு சொன்னதில்ல."

எதிரில் இருக்கிறவரும் நம்பும்படிதான் பேசினேன். இதை நான் யோசித்துச் செய்யவில்லை. வெளியாள் ஒருவர் நம் பெண்ணைப் பற்றிக் கேட்டால், எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவள் மெச்சித்தான் பேசுவாள். ஏழு வருஷம் இவளுக்கு வரன் பார்த்தேன். வந்தவர்கள் எல்லோரும் இதே கேள்விகளைத்தான் வேறு விதமாகக் கேட்டார்கள். பொண்ணு பொறுமைசாலியா, பொறுப்பா இருக்குமா, வீட்டு வேலை செய்யுமா. பதில் நாக்கில் ஊறிப்போய்விட்டது. கடைசியில் கல்யாணமே வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள், நானும் விட்டுவிட்டேன். நாக்கு மட்டும் விடவில்லை போலிருக்கிறது.

டாக்டரம்மா தாளை மூடினார். சின்ன வயதில் ஒன்றும் இல்லாததால் இது ஏ.டி.எச்.டி. இல்லை, வேலை பயத்தில் வந்த பதட்டம் என்றார். அதற்கு ஒரு மாத்திரை எழுதினார்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள்.

"நல்லா பேசுன மா."

"பின்ன? வெளியாளு முன்னாடி உன்ன உட்டுக் குடுப்பனா?"

"குடுத்துட்ட மா. அந்தம்மா கேட்டது ஒவ்வொண்ணும் எனக்கு இருந்துது. நீ ஒவ்வொண்ணுத்தையும் இல்லன்னுட்ட."

"நான் இன்னா சொல்லணும்ன்ற?"

"நடந்தத."

அவ்வளவுதான் சொன்னாள். சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

இரண்டு நாள் அந்தக் கேள்விகளையே திருப்பித் திருப்பி யோசித்தேன். நியாயமாகப் பதில் சொன்னால் என்ன வரும் என்று பார்க்க எனக்கே ஆவலாகிவிட்டது. அப்போதெல்லாம் நான் காசிமேட்டுப் பக்கம் ஒரு இறால் கம்பெனியில் எறா உரிக்கிற வேலை செய்தேன். தலையைக் கிள்ளி, ஓட்டை உருவி, முதுகில் இருக்கிற குடலை எடுத்துவிட்டு, சதையை ஐஸ் தட்டில் போட வேண்டும். ஸ்கூல் விட்டதும் இவள் என்னிடம் வந்துவிடுவாள். ஆறு வயசு. மூன்று எறாவைப் பெரியவர்களை விட வேகமாக உரிப்பாள். நாலாவதில் சதையைக் குப்பைக் கூடையிலும் ஓட்டைத் தட்டிலும் போட்டுவிட்டு, கூரை மேல் ஓடுகிற பூனையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சிலேட்டு, செருப்பு, ஒரு தரம் பாவாடை கூடத் தொலைத்துவிட்டு வந்தாள். எப்படித் தொலைத்தாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. டீச்சர் என்னை வரச் சொன்ன நாட்களுக்குக் கணக்கே இல்லை.

மறுநாள் அவள் ஆபீஸ் போனதும் நான் தனியாகக் கிளம்பினேன். இரண்டு பஸ். கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற பெண், "பேஷன்ட் பேரு?" என்றது.

"நான் பேஷன்ட் இல்ல. பேஷன்ட்ட பெத்தவ."

டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் கேட்டார், "உங்க பொண்ணு அனுப்பினாங்களா?"

"இல்ல. அதுக்குத் தெரியாது."

"அவங்களைப் பத்தி நான் உங்ககிட்ட எதுவும் சொல்லக் கூடாதும்மா."

"நீங்க ஒண்ணும் சொல்ல வாணாம். கேட்டுக்கினா போதும். அன்னிக்கு நான் சொன்னது அத்தனையும் பொய்யி."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் எடுத்துக்கொண்டார். எறா, சிலேட்டு, பாவாடை, டீச்சர், எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் ஒரு முறை சிரித்தார். முடிந்ததும், "இதெல்லாம் உங்க பொண்ணு முன்னாடி சொல்வீங்களா? அவங்களும் கேட்கணும்" என்றார்.

தலையாட்டிவிட்டேன். ஆனால் ஒன்றை அவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

சாயங்காலம் மகளிடம் போய்வந்ததைச் சொன்னேன்.

"தனியா போனியா? ரெண்டு பஸ்ஸு மாறி?"

"போனேன்."

"உண்மைய சொல்ட்டியா?"

"பாதி."

"மீதி?"

"உன்ன வெச்சிக்கினு சொல்றேன்."

அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்தோம். அன்றைக்கு நான் டாக்டரம்மாவைப் பார்க்காமல் மேஜையில் இருந்த தண்ணி பாட்டிலைப் பார்த்துத்தான் பேசினேன். எறா கம்பெனிக்கு வெளியே ஐஸ் லாரிகள் வந்து போகும். இவள் எப்போது எழுந்து எங்கே ஓடுவாள் என்று யாருக்கும் தெரியாது. கை ஓய்ந்தால் மேஸ்திரியிடம் நான் பேச்சு வாங்க வேண்டும். அதனால் அறுந்த வலைக் கயிற்றை எடுத்து இவள் காலை பெஞ்சுக் காலோடு கட்டிவிடுவேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு வருஷத்துக்கு மேல். பெற்ற பெண்ணை மாட்டைப் போலக் கட்டினேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி முடித்தேன்.

மகள் என் பக்கம் திரும்பினாள்.

"மா, நீ கட்டுவியே, அந்த முடிச்சு ரெண்டு நிமிசத்துல அவுந்துடும். நான் அவுத்துட்டு லாரிகிட்ட போயி ஐஸு பொறுக்கித் தின்னுட்டு வந்து, திரும்ப நானே கட்டிக்கினு உக்காந்துக்குவேன்."

"தெனமுமா?"

"தெனமும்."

"அடிப்பாவி! லாரி ஏறியிருந்தா?"

"ஒரு தபா லாரிக்காரன் ரிவர்ஸ்ல வந்துட்டான். ஐஸுக்காரரு என்ன இஸ்து போட்டாரு."

எனக்குக் கோபம், பயம், சிரிப்பு எல்லாம் ஒன்றாக வந்தது. முப்பது வருஷமாக நான் கட்டிவைத்ததாக நினைத்துக் கூனிக் குறுகியிருக்கிறேன், அவள் ஊர் சுற்றியிருக்கிறாள். டாக்டரம்மா வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். எத்தனை வயசு, எத்தனை மாசம், வீட்டிலும் அப்படித்தானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, "அன்னைக்கு உங்க ஒரே மாதிரியான பதில்லயே எனக்கு சந்தேகம் வந்திருக்கணும். இன்னும் ரெண்டு கேள்வி நான் கேட்டிருக்கணும்" என்றார். டாக்டர் ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னும் இரண்டு முறை போக வேண்டியிருந்தது. இவளுக்குப் பரீட்சை மாதிரி ஏதேதோ வைத்தார்கள். அதற்கப்புறம்தான் அந்தப் பெயரைச் சீட்டில் எழுதினார். இவள் அந்தச் சீட்டை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

மாத்திரை லேசில் கிடைக்கவில்லை. கெடுபிடி உள்ள மருந்தாம். நாலு மருந்துக் கடையில் "அதெல்லாம் நாங்க வெக்கிறதில்ல" என்றார்கள். ஒருவர் எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாருக்கு இது?" என்றார். "எனக்கு" என்றாள் மகள். நான் அவள் தோளை ஒட்டி நின்றுகொண்டேன். ஐந்தாவது கடையில் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு கொடுத்தார்கள்.

முதல் வாரம் அவளுக்குப் பசியே இல்லை. மீன் குழம்பு வைத்தால் கூட இரண்டு வாய். டாக்டரம்மா அளவைக் குறைத்தார், சரியாயிற்று. எனக்கோ அது உள்ளே போய் என்னதான் செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரே துடிப்பு.

"எப்டிடி கீது?"

யோசித்தாள். "மீனு ஏலத்துல அத்தன பேரும் ஒண்ணா கத்தினு இருப்பாங்க இல்ல? அவங்கள்ல பாதி பேரு டீ குடிக்கப் போய்ட்ட மாறி கீது."

"மீதி பாதி?"

"அவங்க கீறாங்க."

ஆபீஸில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லலாமா என்று என்னைக் கேட்டாள், எனக்குத் தெரியவில்லை. இப்போது ஒவ்வொரு நம்பருக்கும் அடியில் ஸ்கேல் வைத்து, வாய்விட்டு இரண்டு முறை படித்த பிறகுதான் ஏற்றுகிறாளாம். பக்கத்து சீட்டுக்காரி, "இன்னாடி, மந்திரம் ஓதுற?" என்று கிண்டல் செய்கிறாளாம். ஓதட்டும். எட்டு மாதமாக, மேனேஜர் சொன்ன அந்த மூன்றாவது பெட்டி வரவில்லை. இனி வரவே வராது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டில் எப்படி இருக்கிறாள் என்று பார்த்துச் சொல்லும் வேலையை டாக்டரம்மா எனக்குக் கொடுத்திருக்கிறார். மூன்றாம் வகுப்பு வரை படித்த கை. ஒரு நோட்டு வாங்கி, எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். என்ன செய்கிறாள், எது விட்டுப்போகிறது, எந்த நேரத்தில் என்று கவனிக்க ஆரம்பித்ததில் எனக்கே புதுசு புதுசாகத் தெரிகிறது. மாத்திரையின் வேகம் அடங்குகிற சாயங்கால வேளையில்தான் சாவி தொலைகிறது. கப்பல் பேச்சு மட்டும் எந்த வேளையிலும் குறைவதில்லை. அது ஏன் என்று அடுத்த முறை கேட்க வேண்டும்.

நேற்று அடுப்பில் பால் வைத்தாள், நின்று இறக்கினாள். அதை எழுதினேன். இன்றைக்கு நல்ல மழை. நனைந்தபடி வாசலில் வந்து நின்றாள்.

"கொட எங்கடி?"

"ஷேர் ஆட்டோல உட்டுட்டேன்." துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே போனவள், எட்டிப் பார்த்தாள். "எழுதிக்கினியா?"

எழுதிக்கொண்டேன்.