குழந்தை சிரிக்கிற பாட்டு

எண்பத்தேழு, எண்பத்தெட்டில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் காத்துக் கிடந்தவர்களுக்கு அந்தப் பாட்டு தெரியாமல் இருக்காது. கேசியோ கீபோர்டில் மெதுவான தாளம், ஒரு ஆம்பளையின் கம்மிய குரல், நடுநடுவே ஒரு கைக்குழந்தை களுக்கென்று சிரிக்கும். 'குழந்தை சிரிக்கிற பாட்டு' என்றுதான் கேட்டு வாங்குவார்கள். கல்யாண வீட்டில்கூடப் போட்டார்கள், கேளுங்கள் கூத்தை. அதைப் பண்ணின இருதயராஜ் மட்டும், பாட்டு காதில் விழுந்தால் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவான்.

மார்க்கெட் பக்கம் கேசட் ரெக்கார்டிங் கடை அவனுக்கு. முகூர்த்த நாளில் மெல்லிசைக் கச்சேரி. மற்ற நாளில் கேட்ட பாட்டைப் பதிந்து கொடுப்பான். அரபு நாட்டில் இருக்கிற புருஷனுக்குப் பேசி அனுப்பும் பொம்பளைகளும் வருவார்கள். ஒரே கேசட்தான் போகும், வரும். இவள் பேசியதன் மேலேயே அவன் பதில் பேசி அனுப்புவான், அதன் மேல் இவள் பேசுவாள். கேசட் தபாலில் தொலைந்தால் என்ன செய்வது என்று முதல் பதிவை இருதயராஜ் கடையில் வைத்துக்கொண்டு நகலைத்தான் கொடுப்பான்.

பாண்டிக்குப் பக்கம் கோட்டக்குப்பத்து நூர்நிஷாவும் அப்படி வந்தவள்தான். புருஷன் ஷபியுல்லா சவூதியில். அவன் போன பிறகு பிறந்தவள் பரீதா. ஏழு மாதக் குழந்தையை மடியில் போட்டுக் கிச்சுக்கிச்சு மூட்டி, "உங்க மவ சிரிக்கிறா, கேளுங்க" என்று பதிந்துவிட்டுப் போனாள்.

அடுத்த தடவை மடியில் குழந்தை இல்லை. கூட ஷபியுல்லாவின் அண்ணன் சிக்கந்தர் பாட்சா வந்திருந்தார். காய்ச்சலாம், மூன்றே நாளாம், மௌத்தாகிவிட்டதாம்.

"தம்பிக்குச் சொல்லலப்பா," என்றார். "ரெண்டு வருச கான்ட்ராக்டு, பாஸ்போர்ட்டு அரபிகிட்ட மாட்டிக்கினு இருக்கு. சொன்னா அங்க கிடந்து புத்தி பேதலிச்சுப் பூடுவான். வந்தப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம். போன தபா பதிஞ்ச சிரிப்பு உன்கிட்ட இருக்குமில்ல? அத இதுல சேத்துக் குடு."

தூரதேசத்தில் இருப்பவனுக்குச் சாவை மறைப்பது அந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனாலும் முடியாது பாய் என்று அந்தப் பாவி இருதயராஜ் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுக்கும்போது நூர்நிஷா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்பத்தாங்க தூங்கி எழுந்தா, உங்க பேரச் சொன்னா சிரிக்கிறா" என்று மைக்கில் பேச ஆரம்பித்துவிட்டாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. இருதயராஜ் பட்டனை அமுக்கினான்.

அப்புறம் மாதாமாதம் அதே சிரிப்பு. எடுக்க எடுக்க நாடா தேய்ந்து இரைச்சல் ஏறியது. இரைச்சலை மூட அவன் அடியில் கேசியோ வாசித்தான். விரல் ஒரு மெட்டைப் பிடித்துக்கொண்டது, வார்த்தையும் வந்தது. அதோடு விட்டானா? சிரிப்பையும் சேர்த்துப் பாட்டாக ஒரு கேசட்டில் பதிந்து, கூட்டேரிப்பட்டில் ஒரு கல்யாணக் கச்சேரியில் அதை ஓட்டிக் கூடவே பாடினான். கைதட்டினார்கள். யாரோ பதிந்துகொண்டு போனார்கள். ஒரே மாதத்தில் பஸ் ஸ்டாண்டு கடை எல்லாம் அதுதான்.

எட்டாவது மாதம் பழைய டேப் டெக்கில் முதல் பதிவு சிக்கிக்கொண்டு நாடா துண்டு துண்டாக வந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. பாட்டிலிருந்தே சிரிப்பை எடுத்து, பின்னால் கேட்கும் பாட்டைப் பக்கத்துக் கடை ரேடியோ என்று நினைக்கட்டும் என்று அனுப்ப ஆரம்பித்தான்.

ரெண்டு வருச கான்ட்ராக்டு முடிந்து ஒரு மத்தியானம் ஷபியுல்லா தனியாகக் கடைக்கு வந்தான். பேரைச் சொன்னதும் இருதயராஜ் ஓடிக்கொண்டிருந்த டெக்கை நிறுத்தினான்.

"வீட்ல சொல்லிட்டாங்களா பாய்?"

"சொன்னாங்க. எனக்கு மூணாவது கேசட்டுலயே தெரியும்ங்க. பல்லு மொளைக்கிற புள்ள ஒரு வார்த்தை உளறாதா? அதே சிரிப்பு, அதே எடத்துல ஒரு விக்கல்."

"தெரிஞ்சுமா கேக்கல?"

"அவ அவ்ளோ கஷ்டப்பட்டுப் பேசிக்கினு இருந்தா. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா ஒடிஞ்சு பூடுவாளேன்னு, ஒவ்வொரு தபாவும் மவளுக்கு முத்தம்னு பேசி அனுப்பினேன்."

இருதயராஜ் அழுதுவிட்டான். ஷபியுல்லா அழவில்லை.

"வந்த கேசட்டு மேலயே பதில் பேசி அனுப்புறதுதானங்க பழக்கம். புள்ள சிரிப்பு மேலயே நானும் பேசி அழிச்சுட்டேன். மொத மொத பதிஞ்சது உங்ககிட்ட இருக்குமாமே. நூர்நிஷா கேட்டு அனுப்பிச்சா."

இல்லை என்று தெரிந்தும் இருதயராஜ் மேஜை டிராயரை இழுத்து எல்லாக் கேசட்டையும் புரட்டினான். பிறகு நடந்ததைச் சொன்னான். நாடா சிக்கியதை, பாட்டை, எல்லாவற்றையும். கடைசியில் அந்தப் பாட்டுக் கேசட்டையே எடுத்து டெக்கில் போட்டான். அது ஒன்றுதான் மிச்சம். தாளம் வந்தது, இவன் குரல் வந்தது, குழந்தை சிரித்தது. இவன் குரல் நிற்கவே இல்லை.

முழுப் பாட்டையும் ஷபியுல்லா நின்றபடியே கேட்டான்.

"புள்ள சிரிக்கிற எடத்துலயாவது நீங்க பாடாம இருந்திருக்கலாம்ங்க," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கேசட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பாண்டி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினான்.