இறகு பிடுங்கிய எட்டுத் தாராக்கள்

டேனிஷ் ஊரான ஸ்கீவவிலிருந்து விபோர்க் போகும் பாதையோரமாக நடந்துகொண்டிருந்தேன். விடிந்தும் விடியாத நேரம், தூறல், சப்பாத்துக்குள் தண்ணீர். பன்றிப் பண்ணை வேலையை முதல்நாள்தான் விட்டிருந்தேன். பெரிய காரணமில்லை, ஓரிடத்தில் நாலு மாதம் தாண்டினால் எனக்குக் கால் பரபரக்கும்.

ஒரு கார் தாண்டிப் போய் நின்று, பின்னால் வந்தது. ஐம்பது வயதுத் தமிழ் அக்கா ஒருவர் கண்ணாடியை இறக்கினார்.

“எங்க போறீர்?”

“விபோர்க்குக்கு.”

“நடந்தோ? விசரோ உமக்கு? ஏறும்.”

வழியில் விடுதியொன்றில் அவர் சமையல்காரி. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகச் சொல்லி எடுத்திருந்தார்கள். அன்று கடைசி நாள். உதவிக்காரி காய்ச்சலில் படுத்துவிட்டாள், அவளுக்குப் பதிலாக என்னைக் குசினியில் சமையலுக்கு நிற்கச் சொன்னார், சரியென்றேன். அன்றைக்கென்று பெரிய கூட்டம். சுட்டு விழுத்திய பறவையை வாயில் கவ்விவரும் வேட்டைநாய்கள் உண்டல்லவா, அவற்றை வளர்க்கும் கழகங்களெல்லாம் சேர்ந்து நாடு முழுவதற்கும் ஒரே சங்கம் தொடங்கப் போகின்றன.

“இண்டைக்கு ஏதும் பிழைச்சா, நாளைக்கு நானும் உம்மோட நடக்க வேண்டியதுதான்,” என்றார்.

மண்டபத்தில் வெள்ளை விரிப்புப் போட்ட மேசைகளுக்குக் கீழே நாய்கள் படுத்திருந்ததைப் பார்த்ததும் திகைத்துப்போனேன். சாப்பிடுகிற இடத்தில் நாய்! அவை சத்தமே போடவில்லை. சத்தம் போட்டவர்கள் மனிதர்கள். நாய்களைச் சோதிக்க ஒவ்வொரு கழகத்துக்கும் ஒவ்வொரு விதி. பச்சை மேற்சட்டைக்காரர் ஒருவர், தங்கள் நாய்கள் கவ்விய பறவையில் பல் அடையாளமே இராது, மற்றவர்களோடு சேர முடியாது என்று மேசையைத் தட்டினார். கடைசியில், பதினொரு மணிக்குப் பின்வயலில் எல்லா நாய்களையும் ஒரே விதியில் சோதிப்பது, சரிவந்தால் கையெழுத்து என்று முடிவானது.

கூட்டத் தலைவர் பெருத்த கிழவர். குசினிக் கதவுக்கு வந்து என் கையில் ஒரு பெட்டியைத் தந்தார். உள்ளே எட்டுக் காட்டு வாத்துகள், எங்கள் பேச்சில் தாராக்கள், ஐஸ் பிடித்திருந்தன.

“பதினொரு மணிக்கு இவை கிளாராக இருக்கவேண்டும்,” என்றார்.

கிளார் என்றால் தயார். பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவனானாலும் அந்த டேனிஷ் சொல் எனக்குத் தெரியும். வேலை செய்த இடமெல்லாம் அதைத்தான் கத்துவார்கள். குசினிக்காரனுக்குத் தாரா தயார் என்றால் என்ன? நான் முன்பு கோழிக்கடையில் நின்றவன். கொதிநீரில் தோய்த்து, இறகு பிடுங்கி, வாட்டி, தலையும் காலும் வெட்டி, குடலெடுத்துத் தட்டில் அடுக்கினேன். ஒன்றரை மணித்தியாலம்.

அக்கா வந்து பார்த்தார்.

“இதெங்கால வந்தது?”

“தலைவர் தந்தவர். கிளாராக்கச் சொன்னவர்.”

“டேய், அது நாய்க்கடா! ஐஸ் உருகட்டுமெண்டு தந்திருப்பார். எறிய, நாய் கவ்விக்கொண்டு வந்து குடுக்கும்!”

“செத்த தாராவையோ?”

“ஓம்! பிறகு திருப்பி ஐஸில போடுவினம். உது எத்தினை நாயின்ர வாய்க்குள்ள போய் வந்ததோ!”

என் கண் பொரிச்சட்டிக்குப் போனது. “அக்கா, ஈரல்...”

“என்ன ஈரல்?”

“பொரிச்சுத் திண்டிட்டன்.”

அவர் உருளைக்கிழங்கு மூட்டையில் அப்படியே இருந்துவிட்டார்.

தட்டைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனேன். “நான்தான் செய்தேன். சமையல்காரிக்கு இதில் ஒன்றும் தெரியாது,” என்று தலைவரிடம் சொன்னேன். பச்சை மேற்சட்டைக்காரர், “இப்படித்தான் உங்கள் சங்கம் நடக்கப்போகிறதா?” என்று புறப்படக் கார்த் திறப்பை எடுத்தார்.

தலைவர் ஒரு தாராவை எடுத்து எறிந்தார். “எல்லா நாய்க்கும் ஒரே தாரா. உங்களுடையதையும் விடுங்கள்.”

முதல் நாய் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து குந்திக்கொண்டது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது, பச்சை மேற்சட்டைக்காரரின் நாய், ஓடிப்போய்ப் புல்லில் படுத்தது. தின்னத் தொடங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. அவர் விசில் அடித்தார். நாய் ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மற்றத் தொடையைப் பிடித்தது.

பிறகு பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார், வயல் முழுக்கச் சிரித்தது.

“பறவை இறகோடு இருக்கவேண்டும் என்று விதியில் போடவேண்டும்!” என்று கத்தினார் பச்சை மேற்சட்டைக்காரர், காது சிவக்க.

“போடுவோம்,” என்று தலைவர் பேனையை எடுத்தார். பொது விதியில் திருத்தம் கேட்டவர் பிறகு எப்படிச் சங்கத்துக்கு வெளியே நிற்பது? சூப் ஆறமுன் அவரும் கையெழுத்து வைத்தார்.

பின்னேரம் அக்கா என் பையைக் கொண்டுவந்து தந்தார்.

“கூட்டம் நல்லா முடிஞ்சதெண்டு முதலாளி என்னை நிரந்தரமாக்கிப் போட்டார்.”

“நல்லம் அக்கா.”

“ஆனா நீ இனி என்ர குசினிப் பக்கம் வரப்படாது.”

அவர் சிரிக்கவில்லை. எனக்கு அது சுட்டது. பையைத் தோளில் போட்டேன். கார் தரிப்பிடத்தில் தலைவர் மறித்து, எட்டுத் தாராவுக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேட்டார். சொன்னேன். தன் காட்டில் கிழமைக்குக் கிழமை வேட்டை, சுட ஆட்கள் உண்டு, பிடுங்கத்தான் ஆளில்லை என்றார். அடுத்தநாள் காலை ஏழு மணிக்கு அவருடைய கொட்டிலில், கொளுக்கிகளில் தொங்கிய நாற்பது பறவைகளுக்கு முன்னால் வேலைக்கு நின்றேன்.