அணைத்துப் பிடிக்க வேண்டிய பக்கம்

பல் மருத்துவமனை உதவியாளரை எல்லோரும் அக்கா என்பார்கள். பல்லுக்குக் கம்பி போட்டவர்களின் வலது ஈறில், வலி குறைய, அவர் லேசர் ஒளி காட்ட வேண்டும். இடது பக்கம் கருவியின் ஒளியை அணைத்துச் சும்மா பிடிக்க வேண்டும். பிறகு ஈறோரம் ஊறும் நீரைச் சோதித்து, எந்தப் பக்கம் அழற்சி குறைவு என்று டாக்டர் ஒப்பிடுவார். இந்த ஒப்பீட்டை அக்காவுக்கு யாரும் விளக்கவில்லை. உதவியாளருக்கு எதற்கு என்ற அலட்சியம்தான்.

"இடது பக்கம் உயிர் போகுது. அந்தப் பல்லு மேல உங்களுக்கு என்னக்கா கோபம்?" என்றாள் ஒரு மாணவி.

அக்கா மனசு கேட்காமல் அங்கேயும் ஒளி காட்டினார். அப்புறம் வலி என்றவர்களுக்கெல்லாம் காட்டினார்.

கடைசியில் சோதனையில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தன. லேசரால் பயனில்லை என்று எழுதி, டாக்டர் கருவியைத் திருப்பி அனுப்பினார். இடது பக்கத்தை ஏன் சும்மா விடச் சொன்னார்கள் என்று அக்காவுக்கு அன்றுதான் புரிந்தது. வேலை போய்விடுமே என்று வாய் திறக்கவில்லை.

இப்போது வலியோடு வருகிறவர்களிடம் மாத்திரையைக் கொடுக்கும்போது, அக்கா அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை.